தள்ளாடும் கால்களும் கோதுமையும்: குளூட்டன் அட்டாக்சியாவின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு நோயாளியிலிருந்து ஆரம்பிக்கலாம். இவர் ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லை. இந்த நோயைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சித்திரம்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நடக்கும்போது காலை அகட்டி வைத்து நடக்கிறார். திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். சட்டைப் பொத்தான் போட முன்னைவிட நேரமாகிறது. பேச்சு லேசாகக் குழறுகிறது. குடிப்பழக்கம் இல்லை, பக்கவாதம் வந்ததில்லை, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் சிறுமூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. ஏன் சுருங்கியது? தெரியாது.

1990-கள் வரைக்கும் இவருக்கு ஃபைலில் எழுதப்பட்ட வார்த்தை 'இடியோபதிக்'. கேட்க கம்பீரமா இருக்கும். அர்த்தம் என்னன்னு பார்த்தா, 'காரணம் தெரியலை'. அவ்வளவுதான்.

இப்படி 'காரணம் தெரியலை' என்று எழுதப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் தினமும் தட்டில் இருந்தது. கோதுமை. அவர்களுக்கு வயிற்றுவலி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. அதனால் யாருக்கும் கோதுமை மேல் சந்தேகம் வரவில்லை. இந்த நோய்க்கு இன்னைக்கு 'குளூட்டன் அட்டாக்சியா' என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு காலம் ஆனது என்பதுதான் இந்த எபிசோட்.

பரோட்டா மாவிலிருந்து தொடங்கலாம்

பரோட்டா மாஸ்டர் மாவை வீசி இழுக்கும்போது அது கிழியாமல் துணி மாதிரி விரிகிறது, இல்லையா? அந்த இழுவைத்தன்மையைக் கொடுப்பது குளூட்டன் என்ற புரதம். மைதா மாவு உருண்டையைத் தண்ணீரில் பிசைந்து பிசைந்து கழுவினால் மாவுச்சத்து கரைந்து போய், கடைசியில் ரப்பர் மாதிரி ஒன்று கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். கோதுமையில் இருக்கிறது. பார்லி, ரை தானியங்களிலும் இதே குடும்பத்துப் புரதங்கள் இருக்கின்றன. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை இதிலெல்லாம் இந்தச் சிக்கல் இல்லை.

பெரும்பாலானோருக்குக் குளூட்டன் ஒரு தொந்தரவும் செய்யாது. சிலருக்கு மட்டும் உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு இதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சண்டை சிறுகுடலில் நடந்தால் அதற்கு 'சீலியாக் நோய்' என்று பெயர்.

பெயரிலேயே வயிறு

கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் அரேட்டியஸ், உணவு செரிக்காமல் அப்படியே வெளியேறி மெலிந்துபோகும் நோயாளிகளை விவரித்திருக்கிறார். கிரேக்கத்தில் 'கோய்லியா' என்றால் வயிறு. அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான் 'சீலியாக்'. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வந்த குழப்பத்தில் பாதி இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

நவீன மருத்துவத்தில் இந்த நோயைத் தெளிவாக விவரித்தவர் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் கீ. 1888-ல் எழுதினார். இந்த நோய்க்கு மருந்து இல்லை, குணமாக வழி இருந்தால் அது உணவில்தான் இருக்கும் என்று சரியாகக் கணித்தார். ஆனால் எந்த உணவு என்பதில் கோட்டை விட்டார். அரிசி வேண்டாம், ஜவ்வரிசி வேண்டாம் என்று தடுத்தவர், மெல்லிசாக வெட்டி இருபக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டிக்கு அனுமதி கொடுத்தார். அதாவது நல்ல பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுத் திருடனை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஒரு குழந்தைக்கு தினமும் நெதர்லாந்துச் சிப்பிக்கறி கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை நன்றாகத் தேறியது. சிப்பி சீசன் முடிந்ததும் நோய் திரும்பி வந்தது. அடுத்த சீசனில் அந்தக் குழந்தை சிப்பியைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். பதில் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. சிப்பியால் வயிற்றை நிரப்பிய குழந்தை வேறு எதைச் சாப்பிடாமல் விட்டது என்று கேட்டிருந்தால் போதும்.

1924-ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் வாழைப்பழ வைத்தியத்தை வெளியிட்டார். 8 குழந்தைகள் தேறினார்கள். ரொட்டியையும் தானியங்களையும் நிறுத்திவிட்டு வாழைப்பழம் கொடுத்தார். பெயர் கிடைத்தது வாழைப்பழத்துக்கு. உண்மையில் குணப்படுத்தியது நிறுத்தப்பட்ட ரொட்டி. பல வருஷம் உலகம் வாழைப்பழத்தை நம்பியது.

டிக்கேயின் சந்தேகமும் பசிக் குளிர்காலமும்

இந்த முடிச்சை அவிழ்த்தவர் வில்லம் கரேல் டிக்கே. நெதர்லாந்தில் ஹேக் நகரத்தின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் வேலை செய்தவர். இவர் கதையை இணையத்தில் இப்படிச் சொல்வார்கள்: 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது, மக்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள், ரொட்டி கிடைக்கவில்லை, ஊரே வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள், டிக்கே 'ஆஹா!' என்றார்.

கேட்க நல்லா இருக்கு. ஆனா வரிசை அப்படி இல்லை. டிக்கே 1930-களின் நடுவிலேயே கோதுமை இல்லாத உணவைப் பரிசோதிக்க ஆரம்பித்துவிட்டார். 1941-ல் அதைப் பற்றி டச்சு மொழியில் எழுதியும் விட்டார். பஞ்சம் அவருக்கு யோசனையைக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த யோசனைக்குச் சாட்சி சொன்னது. ரொட்டி மறைந்தபோது குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியபோது மறுபடி நோயில் விழுந்ததும் அவர் சந்தேகத்தை உறுதியாக்கின. எந்த மருத்துவரும் மனசாட்சியோடு செய்ய முடியாத ஒரு பரிசோதனையைப் போர் செய்துவிட்டது.

1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டிக்கே தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார. வேய்யர்ஸ், வான் டி கேமர் என்ற இருவருடன் சேர்ந்து, குழந்தைகளின் மலத்தில் எவ்வளவு கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது என்று அளந்தார். கோதுமை கொடுத்தால் கொழுப்பு ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது. 'தேறியிருக்கிறான் போல' என்ற கண்ணளவு போய் ஒரு எண் வந்தது. 1952-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஷார்லட் ஆண்டர்சன் குழுவினர் கோதுமையைப் பிரித்துப் பார்த்து, மாவுச்சத்து குற்றவாளி இல்லை, குளூட்டன்தான் என்று காட்டினார்கள்.

குடலுக்குள் ஒரு ஜன்னல்

அடுத்த கட்டம் கருவிகளுடையது. 1954-ல் பாலி என்ற ஆங்கிலேய மருத்துவர், அறுவை சிகிச்சையில் எடுத்த குடல் துணுக்குகளில் உள்சுவர் சேதமாகியிருப்பதைக் காட்டினார். ஆரோக்கியமான சிறுகுடலின் உள்பக்கம் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். லட்சக்கணக்கான நுண்விரல்கள் எழும்பி நின்று சத்தை உறிஞ்சும். சீலியாக் நோயாளிகளுக்கு அந்த விரல்கள் மழுங்கிச் சமதரையாகிவிடுகின்றன. 1956-ல் மார்கட் ஷைனர் வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடல் துணுக்கை எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1957-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் க்ராஸ்பி, விழுங்கக்கூடிய ஒரு சின்னக் குப்பியை அறிமுகப்படுத்தினார். உள்ளே போய் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துக்கொண்டு வரும்.

இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் இதோடு ஒரு வரையறையும் வந்து உட்கார்ந்தது. குடல் விரல்கள் மழுங்கியிருந்தால் நோய் உண்டு, மழுங்கவில்லை என்றால் நோய் இல்லை. பெயரிலும் வயிறு, பரிசோதனையிலும் குடல். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது புரியும். எரர் லாக் எந்த மாட்யூலில் வருதோ, பக் அந்த மாட்யூலில்தான் இருக்குன்னு டீம் மொத்தமும் நம்ப ஆரம்பிச்சிடும். வேற மாட்யூல்ல அதே பக் வேற ரூபத்துல வெளிப்பட்டா, அதுக்குத் தனி டிக்கெட் போட்டு 'காரணம் தெரியலை'ன்னு மூடிடுவாங்க.

யாரும் சேர்த்துப் பார்க்காத தடயங்கள்

நரம்புத் தடயங்கள் முன்னாடியே இருந்தன. 1908-ல் கார்னகி பிரவுன் 'ஸ்ப்ரூ' நோயைப் பற்றி எழுதிய புத்தகத்தில் நரம்புச் சேதம் வந்த இரண்டு நோயாளிகளைக் குறிப்பிட்டிருக்கிறார். 1925-ல் எல்டர்ஸ் என்பவர் ஸ்ப்ரூவோடு தள்ளாட்டமும் சேர்ந்து வந்ததைப் பதிவு செய்தார். ஆனால் அன்றைக்கு 'ஸ்ப்ரூ' என்ற பெயருக்குள் பல குடல் நோய்கள் கலந்து கிடந்தன. குடல் துணுக்குப் பரிசோதனையும் கிடையாது. எனவே இவர்களுக்கு இருந்தது சீலியாக்தானா என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாது.

உண்மையான மணி அடித்தது 1966-ல். அதே பர்மிங்காமில் குக், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள், சீலியாக் நோயும் நரம்புக் கோளாறும் சேர்ந்திருந்த 16 பெரியவர்களைப் பற்றி 'பிரெய்ன்' இதழில் எழுதினார்கள். தள்ளாட்டம் இதில் முக்கியமான அறிகுறி. நோயாளிகள் எல்லோரும் கடுமையாக இளைத்திருந்தார்கள், ரத்தசோகையும் வைட்டமின் குறைபாடும் இருந்தன. எனவே பார்த்தவுடன் தோன்றும் விளக்கம் சுலபம்: குடல் சத்தை உறிஞ்சவில்லை, சத்து இல்லாமல் நரம்பு கெட்டுவிட்டது.

ஆனால் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை வேறு ஒன்றைச் சொன்னது. மூளையிலும் நரம்புகளிலும் ரத்தக் குழாய்களைச் சுற்றி நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருந்தன. சிறுமூளையில் பர்கின்யே செல்கள் அழிந்துபோயிருந்தன. சத்துக்குறைவு மட்டும் என்றால் இந்த அழற்சி எதற்கு?

பர்கின்யே செல்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1837-ல் செக் விஞ்ஞானி யான் பர்கின்யே விவரித்த பெரிய நரம்பு செல்கள் இவை. மரம் மாதிரி கிளை விரித்திருக்கும். காலை எங்கே வைப்பது, கையை எவ்வளவு நீட்டுவது என்று உடம்பு போடும் கணக்கைச் சிறுமூளையின் மேலுறையிலிருந்து வெளியே அனுப்புவது இவைதான். குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அழிந்த பர்கின்யே செல் திரும்ப முளைக்காது. இந்தக் கதையில் காலதாமதம் ஏன் இவ்வளவு விலையுள்ளது என்பதற்கு இதுதான் காரணம்.

அதே 1966-ல் இன்னொரு செய்தி வந்தது. 'டெர்மடைடிஸ் ஹெர்பெடிஃபார்மிஸ்' என்று ஒரு தோல் நோய். முழங்கை, முழங்காலில் அரிப்போடு கொப்புளம் வரும். அந்த நோயாளிகளின் குடலைப் பார்த்தபோது சீலியாக் மாதிரியே சேதம் இருந்தது. பலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. அதாவது குளூட்டன் பிரச்சினை வயிற்றைத் தொந்தரவு செய்யாமல் தோலில் வெளிப்படலாம் என்பது அப்போதே தெரியும். தோலில் முடியுமென்றால் மூளையில் ஏன் முடியாது? இந்தக் கேள்விக்குப் பதில் வர இன்னும் 30 வருஷம் ஆனது.

ஷெஃபீல்டில் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்

அதுவரைக்கும் எல்லோரும் கேட்ட கேள்வி: 'சீலியாக் நோயாளிகளில் எத்தனை பேருக்கு நரம்புக் கோளாறு?' 1990-களில் ஷெஃபீல்டின் ராயல் ஹாலம்ஷைர் மருத்துவமனையில் மாரியோஸ் ஹாட்ஜிவாசிலியு என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவும் அதைத் தலைகீழாக்கினார்கள். 'காரணம் தெரியாத நரம்புக் கோளாறு உள்ளவர்களில் எத்தனை பேருக்குக் குளூட்டன் எதிர்ப்பு இருக்கிறது?'

1996-ல் 'லான்செட்' இதழில் வந்த அந்த ஆய்வின் வடிவம் ரொம்ப எளிமை. மூன்று குழுக்கள். காரணம் தெரியாத நரம்புக் கோளாறு உள்ளவர்கள் 53 பேர். காரணம் தெரிந்த நரம்புக் கோளாறு உள்ளவர்கள் 94 பேர். ஆரோக்கியமாக ரத்த தானம் செய்தவர்கள் 50 பேர். மூவருக்கும் ஒரே பரிசோதனை: கோதுமைப் புரதமான கிளையடினுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா?

காரணம் தெரிந்தவர்களில் 5 சதவீதம். ரத்த தானம் செய்தவர்களில் 12 சதவீதம். காரணம் தெரியாதவர்களில் 57 சதவீதம்.

ஆன்டிபாடி இருந்தவர்களில் 26 பேருக்குக் குடல் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 9 பேருக்கு சீலியாக். 10 பேருக்கு லேசான, இன்னதென்று சொல்ல முடியாத அழற்சி. 7 பேருக்குக் குடல் சுத்தமாக இருந்தது. அந்த 7 பேரைக் கவனியுங்கள். பழைய வரையறைப்படி இவர்களுக்கு நோயே இல்லை. குடல் மருத்துவர் 'உங்களுக்கு ஒண்ணும் இல்லை' என்று அனுப்பிவிடுவார்.

1998-ல் அதே குழு 28 நோயாளிகளை விரிவாக விவரித்தது. 'குளூட்டன் அட்டாக்சியா' என்ற பெயர் நிலைத்தது. கிரேக்கத்தில் அட்டாக்சியா என்றால் ஒழுங்கின்மை. பிற்பாடு சேர்ந்த அனுபவத்தில் ஒரு சித்திரம் தெளிவானது. நோய் சராசரியாக ஐம்பதுகளில் ஆரம்பிக்கிறது. எல்லோருக்கும் நடையில் தள்ளாட்டம். வயிற்றுத் தொந்தரவு இருப்பவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு.

கோதுமை எப்படிச் சிறுமூளைக்குப் போகிறது?

கோதுமை நேரடியாகப் போவதில்லை. போவது குழம்பிப்போன எதிர்ப்பு சக்தி.

1997-ல் ஜெர்மனியில் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு வந்தது. சீலியாக் நோயாளிகளின் உடம்பு தாக்குவது ட்ரான்ஸ்குளூட்டமினேஸ்-2 என்ற தன்னுடைய சொந்த நொதியையே என்று தெரிந்தது. இந்த நொதி கிளையடின் துண்டுகளைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. எச்எல்ஏ-டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அமைப்பு, மாற்றப்பட்ட துண்டை எதிரியாக அடையாளம் காண்கிறது. அந்தச் சண்டையில் நொதியின் மேலும் அடி விழுகிறது.

இந்த நொதிக்குச் சகோதரர்கள் உண்டு. தோல் நோயில் அடி வாங்குவது ட்ரான்ஸ்குளூட்டமினேஸ்-3. 2008-ல் ஹாட்ஜிவாசிலியுவும் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஏஷ்லிமானும் சேர்ந்து, குளூட்டன் அட்டாக்சியா நோயாளிகளின் ஆன்டிபாடி நரம்பு மண்டலத்தில் இருக்கும் ட்ரான்ஸ்குளூட்டமினேஸ்-6-ஐ அடையாளம் காண்பதாகக் காட்டினார்கள். 2, 3, 6. குடல், தோல், மூளை. ஒரே குடும்பத்துச் சண்டை, மூன்று வீடுகளில்.

எதிர்க்கட்சி சொன்னது என்ன?

இதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு நியாயமான காரணம் உண்டு. அந்த 12 சதவீதத்தை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? ரத்த தானம் செய்த ஆரோக்கியமான மக்களிலேயே 12 சதவீதம் பேருக்கு இந்த ஆன்டிபாடி இருந்தது. 1,000 பேருக்குப் பரிசோதித்தால் 120 பேருக்கு 'பாசிட்டிவ்' என்று வரும். அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை. அப்போ இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு 'உங்க தள்ளாட்டத்துக்குக் கோதுமைதான் காரணம்' என்று சொல்வது எவ்வளவு ஆபத்து? மற்ற நாடுகளில் இதைத் திரும்பச் செய்தபோது சில குழுக்களுக்கு ஷெஃபீல்ட் அளவுக்கு எண்கள் வரவும் இல்லை.

ஷெஃபீல்ட் குழு 2003-ல் இன்னும் பெரிய எண்ணிக்கையோடு வந்தது. பரம்பரையாக வராத, காரணம் தெரியாத அட்டாக்சியா உள்ள 132 பேரில் 54 பேருக்கு ஆன்டிபாடி. அதாவது 41 சதவீதம். பரம்பரை அட்டாக்சியாவில் 59 பேரில் 8 பேர். பொதுமக்கள் 1,200 பேரில் 149 பேர், மறுபடியும் 12 சதவீதம். பரம்பரை அட்டாக்சியா எண்ணைக் கவனிங்க. சிறுமூளை கெட்டதால் ஆன்டிபாடி வருகிறது என்றால் அந்தக் குழுவிலும் எண் எகிறியிருக்கணும். எகிறவில்லை.

ஆனாலும் ஆன்டிபாடி எண்ணிக்கை சந்தேகத்தைத்தான் கிளப்பும், தீர்ப்பு சொல்லாது. தீர்ப்புக்கு வேறு கேள்வி வேண்டும்: கோதுமையை நிறுத்தினால் தள்ளாட்டம் குறைகிறதா?

14 பேர் மறுத்தார்கள்

அதே 2003-ல் அதற்கான பதிலும் வந்தது. குளூட்டன் அட்டாக்சியா உள்ள 43 பேருக்குக் குளூட்டன் இல்லாத உணவு பரிந்துரைக்கப்பட்டது. 26 பேர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். 14 பேர் முடியாது என்று மறுத்துவிட்டார்கள். 3 பேர் டயட்டில் இருந்தும் ஆன்டிபாடி இறங்காததால் கணக்கிலிருந்து விலக்கப்பட்டார்கள். மறுத்த 14 பேர் தானாகவே ஒப்பீட்டுக் குழு ஆனார்கள். ஒரு வருஷம் கழித்து அளந்தபோது, டயட்டில் இருந்தவர்களின் தள்ளாட்டம் தெளிவாக மேம்பட்டிருந்தது. குடல் சேதம் இல்லாதவர்களுக்கும் மேம்பட்டிருந்தது. சத்துக்குறைவு விளக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

குறையையும் சொல்லணும். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை. டயட்டை ஏற்றவர்களும் மறுத்தவர்களும் வேறு விதங்களிலும் வேறுபட்டிருக்கலாம். ஆனால் நோய் முற்றும் ஒருவரிடம் சீட்டுக் குலுக்கி 'நீங்க ஒரு வருஷம் கோதுமை சாப்பிடுங்க, பார்ப்போம்' என்று சொல்வதற்கு யாருக்கு மனசு வரும்? டிக்கேயின் காலத்திலிருந்து தொடரும் சங்கடம் இது.

மெல்ல மெல்ல ஏற்பு வந்தது. சீலியாக் சார்ந்த சொற்களை வரையறுத்த ஆஸ்லோ நிபுணர் குழு குளூட்டன் அட்டாக்சியாவுக்கு இடம் கொடுத்தது. 2015-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், காரணம் தெரியாத அட்டாக்சியாவோ நரம்புச் சேதமோ இருந்தால் சீலியாக் ரத்தப் பரிசோதனையை யோசிக்கச் சொன்னது.

இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள்: பக்கவாதம், மது, பி12 அல்லது வைட்டமின் இ குறைபாடு, தைராய்டு, மரபணு நோய்கள், புற்றுநோயோடு சேர்ந்து வரும் அட்டாக்சியா. எம்ஆர்ஐ எடுப்பார்கள். கூடவே ரத்தத்தில் ட்ரான்ஸ்குளூட்டமினேஸ்-2, கிளையடின் ஆன்டிபாடிகளைப் பார்ப்பார்கள். ட்ரான்ஸ்குளூட்டமினேஸ்-6 பரிசோதனை சில இடங்களில் மட்டும்தான் கிடைக்கும். பாசிட்டிவ் வந்தால் குடல் துணுக்கும் எடுப்பார்கள். ஆனால் குடல் சுத்தமாக இருந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. 1996-ன் அந்த 7 பேர் கற்றுக்கொடுத்த பாடம் இது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பரிசோதனைக்கு முன்னாடி நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க. கோதுமை நின்றால் ஆன்டிபாடி இறங்கும், குடல் ஆறும். அதன் பிறகு டெஸ்ட் எடுத்தால் 'நெகட்டிவ்' என்று வரலாம். தடயத்தைத் துடைத்துவிட்டு போலீஸைக் கூப்பிடுகிற மாதிரி.

சிகிச்சை என்பது வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத உணவு. 'முக்கால்வாசி நிறுத்திட்டேன்' என்பது போதாது. ஆன்டிபாடி இறங்க 6 முதல் 12 மாதம் ஆகலாம். நடையில் மாற்றம் தெரிய ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். கட்டுப்பாடாக இருந்தும் மாற்றம் இல்லையென்றால், எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தும் மருந்துகளைச் சில மருத்துவர்கள் யோசிப்பார்கள். சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்குப் பலன் அதிகம். பல வருஷம் கழித்து ஆரம்பித்தால், மேலும் மோசமாகாமல் நிறுத்துவதே பெரிய வெற்றி.

நம்ம ஊர்ல?

'இது சப்பாத்தி சாப்பிடற வட இந்தியாக்காரங்க பிரச்சினை, நமக்கு எதுக்கு?' என்று தோணலாம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தது. இதை முன்னெடுத்தவர்களில் வேலூர் சிஎம்சியில் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணாவும் ஒருவர். சீலியாக் ஆன்டிபாடி வடக்கில் 1.23 சதவீதம். வடகிழக்கில் 0.87. தெற்கில் வெறும் 0.10.

அப்போ நமக்கு மரபணு இல்லையா? இருக்கு. டிக்யூ2 அல்லது டிக்யூ8 வடக்கில் 38.1 சதவீதம், தெற்கில் 36.4 சதவீதம். கிட்டத்தட்ட சமம். பெரிதாக மாறியது ஒன்று: ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமையின் சராசரி அளவு. வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

இதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. இந்த மரபணு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு எத்தனை சப்பாத்தி சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது. வடகிழக்கில் தினசரி கோதுமை வெறும் 37 கிராம்தான், ஆனாலும் ஆன்டிபாடி 0.87 சதவீதம். அதனால் கோதுமை அளவு மட்டுமே முழுக் கதையும் இல்லை. 'கோதுமை எல்லோருடைய மூளையையும் அரிக்கிறது' என்று சொல்லும் வீடியோக்களுக்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடையாது. குளூட்டன் அட்டாக்சியா தெற்கில் அரிதாகத்தான் இருக்கும். ஆனால் அரிது வேறு, இல்லை வேறு. சுகர் வந்த வீடுகளில் ராத்திரி சாப்பாடு சப்பாத்தியாகிவிட்டது. நம்ம தலைமுறைக்கு பரோட்டா, பாஸ்தா, ஷவர்மா. 25 கிராம் என்ற அந்த எண் நகரத்தில் அப்படியே நிற்கும் என்று நினைக்க முடியவில்லை.

நோய் உறுதியான ஒருவருக்கு நம்ம சமையல் ஒரு பக்கம் வரம். இட்லி, தோசை, கேப்பைக் களி எல்லாம் இருக்கு. இன்னொரு பக்கம் கண்ணி. ரவை கோதுமைதான். சேமியா பெரும்பாலும் கோதுமைதான். மால்ட் சேர்த்த சத்துபானங்களில் பார்லி. எல்லாத்துக்கும் மேல, கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா சேர்ந்திருக்கும். அரிசிச் சோறும் சாம்பாரும்தான் சாப்பிடறேன்னு நினைக்கிறவர் தட்டிலும் குளூட்டன் இருக்கலாம். பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது இந்திய விதி. லேபிளைப் படிக்கிறதுதான் இங்கே மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி.

1888-ல் கீ உணவுதான் பதில் என்றார். 1950-ல் டிக்கே கோதுமை என்றார். 1966-ல் குக்கும் ஸ்மித்தும் மூளையைத் திறந்து காட்டினார்கள். துண்டுகள் எல்லாம் மேஜையில் இருந்தும், 1996 வரை பல நோயாளிகள் 'காரணம் தெரியலை' என்ற சீட்டோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் காத்திருந்த ஒவ்வொரு வருஷமும் திரும்ப முளைக்காத செல்கள் போய்க்கொண்டிருந்தன. உங்க வீட்டுப் பெரியவர் ஒருவர் காலை அகட்டி வைத்து நடக்க ஆரம்பித்தால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. காரணம் பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். மற்ற எல்லாம் இல்லை என்று ஆகி 'காரணம் தெரியலை' என்ற இடத்தில் வந்து நின்றால், குளூட்டன் ஆன்டிபாடி பார்த்தாச்சா என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்க.

இந்த எபிசோட் மருத்துவ வரலாறு, மருத்துவ ஆலோசனை கிடையாது. பிடித்திருந்தால் பெருங்காய டப்பாவைப் புரட்டிப் பார்த்துட்டு, நாலு பேருக்குப் பகிருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.